அம்மாப்பேட்டைப் பையனின் ஒன்பது மாதங்கள்: வளரும் வயதில் எடை குறைப்பு

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது மகனின் பின்கழுத்தைப் பயத்தமாவு வைத்துத் தேய்த்துத் தேய்த்து அம்மாவுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். அழுக்கு என்று நினைத்த அந்தக் கருமை போகவில்லை. தேய்த்தால் அது போகாது. கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் வெல்வெட் துணி போலத் தடித்துக் கறுப்பது, உடலில் இன்சுலின் எடுபடாமல் போகிறது என்பதற்கு வெளியே தெரியும் அடையாளம். குளிக்கத் தெரியவில்லை என்று பையன் திட்டு வாங்கிக்கொண்டிருந்த நாட்களில், கணையம் இரட்டை வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

இங்கே வரும் பையனும் வீடும், பல குடும்பங்களில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒன்றாகக் கோத்து எழுதியவை. அவனுடைய எடை, உயரம், ரத்தப் பரிசோதனை எண்கள் எடுத்துக்காட்டுக்குத் தரப்பட்டவை. மருத்துவ அளவுகோல்களும் உணவு அளவுகளும் எச்சரிக்கைகளும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.

வீடும் பையனும்

வயது 14, ஒன்பதாம் வகுப்பு. சேலம் அம்மாப்பேட்டையில் தறி ஓடும் வீடு. அப்பாவுக்குப் பகல் முழுக்கத் தறியில் வேலை. அம்மா துணிக்கடையில் கணக்கு எழுதப் போகிறார். சமையல் ஆயாவின் (அப்பாவின் அம்மா) கையில். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது உயரம் 158 செ.மீ., எடை 73 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ. ஒரு வருடம் முன்பு பள்ளியில் எடுத்த அளவில் 152 செ.மீ., 64 கிலோ.

பி.எம்.ஐ. (கிலோவில் எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண்) 29.2. இந்த எண்ணைப் பெரியவர்களுக்கான அட்டவணையில் வைத்துப் பார்க்கக் கூடாது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட, 5 முதல் 18 வயது வரையிலான வளர்ச்சி அட்டவணையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கோடுகள் உண்டு. பெரியவர்களின் 23க்கு இணையான கோட்டைத் தாண்டினால் அதிக எடை, 27க்கு இணையான கோட்டைத் தாண்டினால் உடல் பருமன். பையன் இரண்டாவது கோட்டுக்கு மேலே இருந்தான். வீட்டிலேயே பார்க்க இதைவிட எளிய கணக்கு ஒன்று இருக்கிறது: இடுப்பு, உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும். 94ஐ 158ஆல் வகுத்தால் 0.59.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிள்ளை கொஞ்சம் சதை போட்டாலே தைராய்டு டெஸ்ட் எடுக்க ஓடுகிற வழக்கம் நம் ஊரில் வேரூன்றிவிட்டது. சாப்பாட்டாலும் அசையாமல் இருப்பதாலும் குண்டாகும் பிள்ளைகள் பெரும்பாலும் வயதுக்கேற்ற உயரமோ அதற்கு மேலோ இருப்பார்கள். எடை ஏற ஏற உயரம் நின்றுபோனால்தான் தைராய்டு, மற்ற சுரப்பிகள் பக்கம் சந்தேகம் திரும்ப வேண்டும். இவன் ஒரு வருடத்தில் 6 செ.மீ. வளர்ந்திருக்கிறான். காரணம் சுரப்பியில் இல்லை.

கேட்க வேண்டியவை, பார்க்க வேண்டியவை

ரத்தம் எடுப்பதற்கு முன்னால் கேள்விகள். முழங்காலோ தொடையோ வலிக்கிறதா, நொண்டி நடக்கிறானா? பருமனான பதின்வயதுப் பிள்ளைக்கு முழங்கால் வலி என்றால் இடுப்பு மூட்டைச் சோதிக்காமல் விடக் கூடாது. வளரும் தொடை எலும்பின் தலைப்பகுதி அதன் இடத்திலிருந்து நழுவுவது இந்த வயதில், இந்த உடல்வாகில்தான் அதிகம். இடுப்பில் உள்ள கோளாறு முழங்காலில் வலியாகத் தெரியும். தைலம் தேய்த்து நாள் கடத்தினால் மூட்டே கெட்டுப்போகும். இரவில் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திணறுகிறானா? தலைவலியோடு பார்வை மங்குகிறதா? பெண் பிள்ளை என்றால் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சாப்பாட்டுப் பட்டியல் போடும் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். பையனுக்குக் குறட்டை லேசாக உண்டு, திணறல் இல்லை. முழங்கால் வலி இல்லை.

ரத்த அழுத்தம் 124/76. 13 வயதுக்கு மேல் 120/80க்குள் இருப்பதுதான் சரி. கடந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.8 (5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை). ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு 168, இந்த வயதில் 130ஐத் தொட்டாலே அதிகம். கல்லீரல் நொதியான எஸ்.ஜி.பி.டி. 52, ஆண் பிள்ளைகளுக்கு 26ஐத் தாண்டினாலே கல்லீரலில் கொழுப்பு படிகிறதா என்று பார்க்க வேண்டும். ரிப்போர்ட்டில் 'நார்மல் 56 வரை' என்று அச்சடித்திருந்தால் அது பெரியவர்களுக்கான எல்லை. அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட வேண்டாம்.

எத்தனை கிலோ குறைப்பது?

அப்பாவின் முதல் கேள்வி இதுதான். பதில் அவருக்குப் பிடிக்கவில்லை: முதல் மூன்று மாதம் எடை ஏறாமல் நின்றாலே போதும்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பையன் 164 செ.மீ. ஆகும்போதும் அதே 73 கிலோவில் இருந்தால் பி.எம்.ஐ. 27.1. ஒரு கிராம்கூடக் குறையாமல் இரண்டு புள்ளி இறங்கிவிட்டது. வளர்ச்சி நம் பக்கம் இருக்கிறது. அதைக் கெடுக்காமல் இருப்பது முக்கியம். இந்த அளவு பருமனுள்ள பதின்வயதினருக்கு வாரம் அரை கிலோ வரை குறைவது பரவாயில்லை. ஒரு கிலோவைத் தொட்டால் என்ன நடக்கிறது என்று உடனே விசாரிக்க வேண்டும்.

போனில் கிடைக்கும் 1200 கலோரிப் பட்டியல்களை இவனுக்குப் போடக் கூடாது. 13 முதல் 15 வயது ஆண் பிள்ளைக்கு ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சொன்ன நாள் தேவை 2860 கலோரி, புரதம் 45 கிராம், சுண்ணாம்புச் சத்து 1000 மில்லிகிராம். 1200 என்பது அதில் பாதிகூட இல்லை. எலும்பு நீள்கிற வயதில் உடலைப் பாதிச் சம்பளத்துக்கு வேலை வாங்க முடியாது. தெருவுக்குத் தெரு முளைத்திருக்கும் காலை ஷேக் பவுடரும் இந்த வயதுக்கு வேண்டாம். விற்பவர் அண்டை வீட்டு அக்காவாகவே இருந்தாலும் வேண்டாம்.

ஒரு நாள், மணிவாரியாக

இரண்டு பள்ளி நாட்கள், ஒரு ஞாயிறு என மூன்று நாளைக்குச் சாப்பிட்டதை நேரத்தோடு எழுதச் சொன்னால் போதும். யாரையும் குற்றம் சொல்லாமல் எழுத வேண்டும். பையனின் பள்ளி நாள் இப்படி இருந்தது.

காலை 6.30க்கு மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்ட காபி. 7.40க்கு வேன், காலை உணவு இல்லை. 10.45க்குக் கிரீம் பிஸ்கட் ஒரு பாக்கெட். மதியம் டப்பா நிறைய லெமன் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். 4.45க்குப் பேக்கரியில் முட்டை பப்ஸ், 250 மில்லி கூல்டிரிங்க்ஸ். 6 முதல் 8.30 வரை டியூஷன், வெளியே வரும்போது மிளகாய் பஜ்ஜி. 9.30க்குப் போனைப் பார்த்துக்கொண்டே தேங்காய்ச் சட்னியோடு ஐந்து தோசை. 11 மணிக்கு மிக்சர், சத்துமாவுப் பவுடர் கலந்த பால். 12.15க்குத் தூக்கம், 6.15க்கு எழுப்பல்.

ஆயா சொன்னது சரி: "எங்க கண்ணு அதிகமா சாப்படறான்? காலையில வயித்துல ஒண்ணுமில்லாமதான் போறான்." அதிகம் சாப்பிடுகிறான் என்று வைவதற்கு இடமே இல்லை. மாலை நாலரை வரை உருப்படியாகச் சாப்பிட்டது ஒரே வேளை, அதிலும் பருப்போ முட்டையோ இல்லை. மாலையில் வரும் பசி பேய்ப்பசி. அந்தப் பசியின் முன்னால் பேக்கரிக் கண்ணாடிக்குப் பின்னால் பப்ஸ் இருக்கிறது. மனக்கட்டுப்பாடு வேண்டும் என்று பாடம் எடுப்பது அநியாயம். சர்க்கரையைத் தனியாகக் கூட்டினால் காபி, பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ், இரவுப் பாலில் கலக்கும் சத்துமாவுப் பவுடர் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 70 கிராம், 14 டீஸ்பூன். 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது. தூக்கம் ஆறு மணி நேரம். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரம் வேண்டும். தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், அதுவும் இனிப்பும் பொரித்ததுமாகத் தேடும்.

மாற்றிய வரிசை

முதல் இரண்டு வாரம் எதையும் பிடுங்கவில்லை, ஒரு வேளையைச் சேர்த்தார்கள். காலையில் மூன்று இட்லி, பருப்பு கெட்டியாகப் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை. அவசர நாளில் ராகிக் கூழில் மோர் விட்டுச் சின்ன வெங்காயத்தோடு ஒரு சொம்பு, கூட ஒரு பிடி வேர்க்கடலை. கூழை ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோயிலில் மட்டும் குடிப்பதாக வைத்துக்கொள்ளக் காரணமே இல்லை. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

ஆனால் சிறுதானியம் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்பது தப்பு. சேர்வராயன் மலைச் சாமையானாலும் ராகியானாலும் 100 கிராமுக்கு அரிசியளவு கலோரிதான். நார்ச்சத்து கூட இருப்பதால் வயிறு சீக்கிரம் நிறையும், அவ்வளவுதான். ஜவ்வரிசி அதுகூடச் செய்யாது. சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஜவ்வரிசி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. லேசான உணவு என்று அதில் உப்புமாவோ கஞ்சியோ வைத்துக் கொடுத்தால் புரதம் பூஜ்ஜியம், இரண்டு மணி நேரத்தில் பசி.

அடுத்தது மாலை ஐந்து மணி. இந்த வீட்டில் எல்லாவற்றையும் விட அதிகம் பலன் கொடுத்தது இதுதான். இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முன்னால் கொண்டுவரச் சொல்வது எளிது, டியூஷன் இருக்கும் பிள்ளைக்கு நடக்காது. அதனால் சாப்பாட்டின் ஒரு பகுதியையே ஐந்து மணிக்கு நகர்த்தினார்கள். 40 கிராம் காய்ந்த கொண்டைக்கடலை, தட்டைப்பயறு அல்லது பச்சைப்பயறு, ஆயா முந்தின இரவு ஊறவைத்து அவித்த சுண்டல். கூட ஒரு பழம், சர்க்கரை போடாத மோர். சுண்டல் டப்பாவை அம்மா காலையிலேயே டியூஷன் பையில் வைத்துவிடக் கூடாது, ஐந்து மணிக்குள் நொந்துவிடும். பையன் வீட்டுக்கு வந்து தின்றுவிட்டுப் போவது என்று முடிவானது. பேக்கரி தானாக விலகியது. இரவு 8.45க்கு இரண்டு தோசை, பெரிய கிண்ணத்தில் கீரைக்கூட்டு. சாப்பிடும்போது யார் கையிலும் போன் கிடையாது, அப்பா உட்பட.

காபிச் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் இறக்கினார்கள். ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை வெளியே குடிப்பான். மெதுவாக இறக்கினால் நாக்கு சில வாரத்தில் பழகிவிடும். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, தேன் மூன்றும் இந்தக் கணக்கில் சர்க்கரையேதான். கூல்டிரிங்க்ஸ் வீட்டுக்குள் வருவது முழுதாக நின்றது. 100 மில்லிக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை, ஒரு சின்ன பாட்டிலில் ஐந்து ஸ்பூனுக்கு மேல்.

தட்டில் பாதிக்குக் காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ. சொல்லும்போது எல்லாரும் தலையாட்டுவார்கள், டப்பாவைத் திறந்தால் முக்கால் பங்கு சோறும் மூலையில் ஒரு ஸ்பூன் பொரியலும் இருக்கும். அதனால் பேச்சை விட்டுவிட்டு டப்பாவை மாற்றினார்கள். ஒரே அளவு இரண்டு அடுக்கு: கீழே ஒன்றரைக் கப் சோறு, மேலே முழுக்கக் காய். ஞாயிற்றுக்கிழமை உழவர் சந்தையில் அந்த வாரக் காயை வாங்கும் வேலை பையனுடையது. தான் பொறுக்கிய அவரைக்காயை அவன் தட்டில் ஒதுக்குவதில்லை.

எண்ணெய் மட்டும் ஆயாவோடு நேராகப் பேச வேண்டிய விஷயம். நான்கு பேருக்கு மாதம் ஐந்து லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. ஆளுக்கு மாதம் முக்கால் லிட்டர் என்று மூன்று லிட்டரை மாதம் பிறந்ததும் தனிக் கேனில் ஊற்றி வைத்தார்கள். தூக்கிலிருந்து நேராக ஊற்றுவது போய், டீஸ்பூனில் எடுத்து ஊற்றுவது வந்தது. "வளர்ற புள்ளைக்குக் கஞ்சத்தனம் பண்றீங்க" என்று ஆயா ஒரு வாரம் பேசவில்லை. பயறு ஊறவைப்பதும் கீரை ஆய்வதும் அவருடைய பொறுப்பு, அதில் யாரும் தலையிட மாட்டோம் என்று மருமகள் சொன்ன பிறகுதான் சமாதானம் ஆனார். பெரியவர்களைச் சமையலறையிலிருந்து ஒதுக்கிவிட்டு எந்த மாற்றமும் நிற்காது.

இவை எல்லாம் வீட்டில் நான்கு பேருக்கும் ஒன்றுதான். பையனுக்குத் தனிச் சமையல் இல்லை. எது சமைப்பது, எப்போது பரிமாறுவது என்பது பெரியவர்கள் முடிவு. வைத்ததில் எவ்வளவு சாப்பிடுவது என்பது பையன் முடிவு. மூன்றாவது தோசை கேட்டால் போட வேண்டும், முகம் சுளிக்காமல் போட வேண்டும். தட்டுவடை செட்டுக்கும் (இரண்டு தட்டைக்கு நடுவே காய்த் துருவலும் சட்னியும் வைத்த சேலத்துத் தின்பண்டம்) தடை இல்லை. வாரம் ஒரு நாள், கடையில் நின்று, ஒரு செட்டு. தடை போட்ட பண்டம் மறைவில் இரண்டு மடங்காக உள்ளே போகும்.

உடம்பை அசைப்பது

தினம் 60 நிமிடம் என்பது இலக்கு, ஒரே மூச்சில் இல்லை. 73 கிலோ பிள்ளையை முதல் நாளே ஓடவும் ஸ்கிப்பிங் ஆடவும் விட்டால் குதிகாலும் முழங்காலும் வலிக்கும், மூன்றாம் நாள் நின்றுவிடும். டியூஷனுக்கு அப்பா வண்டியில் கொண்டுபோய் விடுவது நின்று சைக்கிள் வந்தது, போக வர 20 நிமிடம். இரவு சாப்பாட்டுக்குப் பின் அம்மாவோடு தெருவில் 15 நிமிடம். வாரத்தில் மூன்று நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 10, படி ஏறி இறங்குவது 10, மூன்று சுற்று. ஞாயிறு காலை குமரகிரி மலைக்கோயில் படிகள். மூன்றாம் மாதத்தில் நண்பர்களோடு ஷட்டில் சேர்ந்துகொண்டது. பிடித்த விளையாட்டு வந்த பிறகு நிமிடம் எண்ண வேண்டியிருக்கவில்லை.

கெட்டுப்போன இடம்

ஆவணியில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒரு மாமா, "என்னடா மாப்ள, டயட்டுன்னாங்க, அரிசி மூட்டை அப்படியேதான் இருக்குது" என்றார். சுற்றிலும் சிரிப்பு. அன்று இரவிலிருந்து பையன் போனில் பார்த்த முட்டை, வெள்ளரிக்காய் டயட்டை ரகசியமாகத் தொடங்கினான். டப்பாச் சோறு நண்பனுக்குப் போனது. 11 நாளில் 3 கிலோ குறைந்தது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா நூறு ரூபாய் பரிசு கொடுத்தார்.

இந்த இடத்தில்தான் குடும்பங்கள் ஏமாறுகின்றன. இவ்வளவு வேகமாகக் குறைவதில் பெரும் பங்கு தண்ணீர். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த சர்க்கரை கரையும்போது, அதோடு ஒட்டியிருக்கும் மூன்று மடங்குத் தண்ணீரும் வெளியேறும். கூடவே தசையும் கரையும். பட்டினி நீண்டால் பித்தப்பையில் கல், முடி கொட்டல், பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நிற்றல் என்று போகும். பையன் பன்னிரண்டாம் நாள் பி.டி. வகுப்பில் கண் இருட்டி உட்கார்ந்தான். அன்று மாலை இரண்டு பரோட்டா, ஒரு பிரியாணி, பிறகு அழுகை. அக்டோபரில் எடை திரும்ப 71.8.

செய்தவை மூன்று. திட்டவில்லை. மறுநாளே மூன்று வேளையும் சுண்டலும் பழைய அளவில் திரும்பின, பிரியாணிக்கு ஈடாக எதையும் குறைக்கவில்லை. வீட்டில் இருந்த எடை மெஷின் பரணுக்குப் போனது. எடை இனி மாதம் ஒருமுறை மருத்துவமனையில் மட்டும். குண்டு, மூட்டை, தடியன் போன்ற சொற்களும், ஒல்லியாகிவிட்டாய் என்ற பாராட்டும்கூட வீட்டில் நின்றன. சொந்தக்காரர்களிடம் அம்மாவே போன் போட்டுச் சொன்னார்: "பையன் உடம்பைப் பத்தி எதுவும் பேச வேண்டாம்ண்ணா."

சாப்பிட்ட உடனே கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, சாப்பாட்டை ஒளிப்பது, ரகசியமாகக் கட்டுக்கடங்காமல் தின்பது, எந்நேரமும் கலோரி எண்ணுவது, குளிர் தாங்காமல் போவது, மயக்கம்: இவை தெரிந்தால் எடை குறைப்பை அங்கேயே நிறுத்த வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்தில் குழந்தை மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் காட்டலாம். முதலில் பேச ஆள் வேண்டுமானால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை.

ஒன்பதாம் மாதம்

மார்ச்சில் உயரம் 162.5 செ.மீ., எடை 69 கிலோ, பி.எம்.ஐ. 26.1. இடுப்பு 86 செ.மீ., விகிதம் 0.53. இடுப்பை எப்போதும் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்ட நிலையில் அளக்க வேண்டும். தொப்புளில் ஒருமுறை, பேன்ட் கட்டும் இடத்தில் ஒருமுறை என்று அளந்தால் எண் பொய் சொல்லும். எச்பிஏ1சி 5.5. எஸ்.ஜி.பி.டி. 31, இன்னும் சரியான அளவுக்கு வரவில்லை. ரத்த அழுத்தம் 116/72. குறட்டை நின்றது. கழுத்துக் கருமை வெளுத்திருக்கிறது, முழுதாகப் போகவில்லை. அதற்கு இன்னும் மாதங்கள் ஆகும்.

ஒன்பது மாதத்தில் நான்கு கிலோதானா என்று அப்பாவுக்கு மனக்குறை. எதுவும் செய்யாமல் விட்டிருந்தால், முந்தைய வருட வேகத்தில் எடை 80ஐ நெருங்கியிருக்கும்.

பரீட்சை மாதத்தில் ஷட்டில் நின்று தூக்கம் ஏழு மணி நேரத்துக்குக் குறைந்தது. சைக்கிளையும் சுண்டலையும் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்கள். அடுத்து மாம்பழ சீசன். சேலத்துப் பிள்ளையிடம் மாம்பழம் சாப்பிடாதே என்று சொல்ல முடியாது, சொல்லவும் தேவையில்லை. நடுத்தர அளவுப் பழம் ஒன்று, ஐந்து மணிக்கு, வாழைப்பழத்துக்குப் பதிலாக. நறுக்கியோ கடித்தோ தின்பது, மில்க்‌ஷேக்காக அடிக்காமல். இரவுச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளவும் வேண்டாம். ஜூனில் மறுபடி அளவெடுப்பு, ரத்தப் பரிசோதனை. அதுவரை எடை மெஷின் பரணில்தான் இருக்கும்.